ஜிசி இழுக்கிறதா? ஹீப்பைத் தொடும் முன் த்ரெட்டைப் பாருங்கள்: தொடக்கநிலையாளருக்கான முழுமையான வழிகாட்டி

ஜாவா சர்வர் அவ்வப்போது திணறினால், பலரும் முதலில், பொருள்கள் தங்கும் நினைவகமான ஹீப்பின் அளவைக் கூட்டுகிறார்கள். ஆனால் குப்பை சேகரிக்கும் ஜிசி வேலையைச் செய்வதும் த்ரெட்கள்தாம். அவற்றுக்கு எப்போது சிபியு கிடைக்கும் என்பதை முடிவு செய்வது இயக்க முறைமை. அதனால் தேடலை அங்கிருந்து தொடங்குவதே சரி. லினக்ஸில் ஓடும் ஓபன்ஜேடிகேயை வைத்துப் பார்ப்போம்.

படி 1: த்ரெட் யார் கையில் இருக்கிறது?

தொடக்ககால ஜாவா, சோலாரிஸில் 'கிரீன் த்ரெட்' முறையில் இயங்கியது. த்ரெட்களை மாற்றி மாற்றி ஓட்டும் பொறுப்பை, ஜாவா நிரலை இயக்கும் ஜேவிஎம்மே வைத்திருந்தது. எத்தனை சிபியு இருந்தாலும் ஒன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. இன்று வழக்கமான ஜாவா த்ரெட் ஒவ்வொன்றும் ஒரு கெர்னல் த்ரெட். பல சிபியுக்களில் ஒரே நேரத்தில் குப்பை அள்ளலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் அத்தனை த்ரெட்களையும் நிறுத்துவது கடினமாகிவிட்டது.

படி 2: நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது?

ஜிசி தொடங்க, எல்லா த்ரெட்களும் 'சேஃப்பாயின்ட்'டில் நிற்க வேண்டும். ஜேவிஎம் யாரையும் பிடித்து நிறுத்துவதில்லை. ஒவ்வொரு த்ரெட்டும் தானே சோதித்துப் பார்த்து நிற்கிறது. நீண்ட லூப் ஒன்றில் அந்தச் சோதனை இல்லாவிட்டாலோ, சிபியு கிடைக்காமல் ஒரு த்ரெட் வரிசையில் காத்திருந்தாலோ, மற்ற எல்லாமே சும்மா நிற்கும். ஜாவா 9 முதல் உள்ள எக்ஸ்லாக் வசதியில் ஜிசி, சேஃப்பாயின்ட் இரண்டையும் இயக்குங்கள். சேஃப்பாயின்ட்டை எட்ட ஆன நேரம் அதிகமாக இருந்தால், குறை ஜிசியில் இல்லை.

படி 3: கன்டெய்னரில் எத்தனை சிபியு தெரிகிறது?

அதிகம் அடிபடுகிற இடம் இதுதான். 8 சிபியு வரை, சிபியுவுக்கு ஒன்று என ஜேவிஎம் ஜிசி த்ரெட்களை உருவாக்கும். அதற்கு மேல் உள்ளவற்றில் எட்டில் ஐந்து பங்கைச் சேர்த்துக்கொள்ளும். 64 சிபியு இயந்திரத்தில் 43 த்ரெட்கள். அதே இயந்திரத்தில் உங்கள் கன்டெய்னருக்கு 2 சிபியு வரம்பு என்றால், லினக்ஸ் வழக்கமாக 100 மில்லிசெகண்டுக்கு 200 மில்லிசெகண்ட் சிபியு நேரம் தரும். அந்த வரம்பை அறியாத ஜேவிஎம் உருவாக்கிய 43 த்ரெட்கள் சேர்ந்து ஓடினால் அது ஏறத்தாழ 5 மில்லிசெகண்டில் தீர்ந்துவிடும். மீதி 95 மில்லிசெகண்டும் ஜிசி பாதியில் உறைந்து நிற்கும், பயனரின் கோரிக்கையும் கூடவே நிற்கும்.

கன்டெய்னர் வரம்பை ஜேவிஎம் முறையாகப் படிக்கத் தொடங்கியது ஜாவா 10-இல். ஜாவா 8-இல் அது 191-ஆம் அப்டேட்டில் வந்தது. புதிய பதிப்பு என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஜிசி தொடங்கும் முன்பே உங்கள் நிரலின் த்ரெட்கள் ஒதுக்கீட்டைத் தின்று தீர்த்திருக்கலாம். ஜிசி லாகில் யூசர், சிஸ், ரியல் என்ற மூன்று நேரங்களைப் பாருங்கள். முதல் இரண்டின் கூட்டுத்தொகையைவிட ரியல் பெரிதாக இருந்தால், ஜிசி வேலை செய்யவில்லை, காத்திருந்தது என்று பொருள். கன்டெய்னர் வரம்பை லினக்ஸில் அமலாக்கும் சிகுரூப்பின் சிபியு புள்ளிவிவரக் கோப்பில் த்ராட்டில் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் காரணமும் தெரிந்துவிடும்.

ஒரே இயந்திரத்தில் வரம்பே இல்லாமல் பல ஜேவிஎம்கள் ஓடினால், ஒவ்வொன்றும் முழு இயந்திரமும் தனக்கே என்று எண்ணி த்ரெட்களை உருவாக்கும். ஜிசியின் ஒரு கட்டம் முடிய அதன் கடைசி த்ரெட்டும் முடிக்க வேண்டும். ஒன்றை இயக்க முறைமை ஓரங்கட்டினால் இடைநிறுத்தம் நீளும். இங்கே ஜிசி த்ரெட் எண்ணிக்கையை நீங்களே குறைத்துக் கொடுங்கள்.

படி 4: உங்கள் த்ரெட்களை எண்ணுங்கள்

எந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது என்று அறிய, ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டாக்கையும் ஜிசி துழாவும். ஆயிரக்கணக்கில் த்ரெட்கள் இருந்தால் அதுவே சுமை. ஜாவா 16 முதல் இசட்ஜிசி என்ற ஜிசி வகை இதை நிரல் ஓடும்போதே செய்கிறது. ஜாவா 21-இன் விர்ச்சுவல் த்ரெட்கள், காத்திருக்கும்போது தம் ஸ்டாக்கை ஹீப்பில் பொருளாக வைத்துவிடுகின்றன. துழாவல் குறையும், ஹீப் பயன்பாடு கூடும்.

ஹீப் அளவை மாற்றுவதற்கு முன், இந்த லாகுகளை இயக்கி உச்ச நேரப் போக்குவரத்தில் ஒரு முறையாவது படியுங்கள். ஜாவா 8-இன் பழைய அப்டேட்டில் கன்டெய்னருக்குள் ஓடும் சேவை இன்னும் இருந்தால், அதைப் புதுப்பிப்பதை முதல் வேலையாக வையுங்கள்.