மறுவாழ்வு உளவியலின் முதற்பாடம்

மருத்துவம் நோயைத் தணிக்கும். நீங்கா நோயோடும் உடற்குறையோடும் நிறைவாக வாழத் துணைநிற்பது மறுவாழ்வு உளவியல். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பார்கின்சன், தலசீமியா முதலிய நெடுநாள் நோய்களையும் 21 வகைக் குறைபாடுகளுள் சேர்த்துள்ளது.

அமெரிக்க அறிஞர் பியாட்ரிஸ் ரைட் 1960-இல் வெளியிட்ட நூலில் 'பரவல்' என்னும் கருத்தை விளக்கினார். ஒரு குறையை மனிதர் முழுமைக்கும் ஏற்றிக் காண்பதே பரவல். பார்வையற்றவரிடம் நாம் உரத்துப் பேசுகிறோம், சக்கர நாற்காலியில் இருப்பவரை விடுத்து, உடன்வந்தவரிடம் "இவருக்கு என்ன வேண்டும்?" என வினவுகிறோம். கண்ணின் குறையைச் செவிக்கும், காலின் குறையை அறிவுக்கும் ஏற்றிவிடுகிறோம். அவரும் அதனை நம்பத் தொடங்கின் பயிற்சியில் ஊக்கம் குன்றும்.

ஆதலின், எஞ்சியிருக்கும் ஆற்றலை அவருடன் அமர்ந்து கணக்கிடுதல் உளவியலார் பணியாகும். வினாவை உரியவரிடமே கேட்டல் நம் அனைவர்க்கும் முதற்பாடமாகும்.