டிவிடி பார்க்க புது பாக்ஸ் எதுக்கு?

கல்யாண வீடியோ, பழைய படம்னு எல்லா டிவிடியையும் ஹார்ட் டிஸ்க்ல ஏத்தியாச்சா? ஹால் டிவியில பார்க்க 4கே மீடியா பிளேயர் பாக்ஸ் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு பாருங்க.

டிவிடி ஓட உச்சபட்சமா நொடிக்குச் சுமார் 10 மெகாபிட் போதும். வீட்டு வைஃபையே தாங்கும். ஆண்ட்ராய்டு டிவின்னா இலவச விஎல்சி ஆப் போட்டு, லேப்டாப்ல அந்த ஃபோல்டரை ஷேர் பண்ணுங்க. போஸ்டரோட அழகா அடுக்கணும்னா ஜெல்லிஃபின், அதுவும் இலவசம்தான். ஆனா லேப்டாப்பை நாள் முழுக்க ஓட விடாதீங்க. 50 வாட்னு வச்சாலே மாசம் 36 யூனிட்!

மிச்சமாகுற காசுல இன்னொரு 1 டிபி டிஸ்க் வாங்கி காப்பி எடுங்க. டிவிடிக்கு 8.5 ஜிபின்னாலும் நூறு டிவிடி அடங்கும். எங்க கல்யாண வீடியோவை நான் ஒரே டிஸ்க்லதான் வச்சிருந்தேன். டிஸ்க் போச்சு, டிவிடியிலயும் கீறல்.