பேசாதவரின் கருத்து

ஆசிரியர் வகுப்பில் கேள்வி கேட்டபின், விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவுசெய்து இதை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடிதான்! உடனே அவர்கள் கேள்வியைத் திரும்பச் சொன்னார்கள் அல்லது வேறொருவரைக் கேட்டார்கள். 1974இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த நேரம் மூன்று வினாடிக்கு மேல் நீண்டபோது விடைகள் நீளமாயின. வழக்கமாக வாய் திறக்காத மாணவர்களும் பேசினார்கள். தாம் எவ்வளவு அவசரப்படுகிறோம் என்பதை ஆசிரியர்களுக்குக் காட்டியது ஒலிநாடாதான்.

இணையவழிக் கலந்துரையாடலின் பெரிய நன்மையும் இந்தக் காத்திருப்பே. சிங்கப்பூரில் 2018 முதல் பயன்பாட்டில் உள்ள மாணவர் கற்றல் தளத்தில் ஆசிரியர் கேள்வியைப் பதிவிட்டால், இரவு உணவுக்குப் பிறகுகூட விடை எழுதலாம். தமிழில் பேசத் தயங்குபவர், பொருத்தமான சொல்லைத் தேடி, எழுதி, திருத்தி அனுப்பலாம்.

ஆனால், நேரம் மட்டும் போதாது. 'உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைப்பது எந்த ஆண்டு கட்டாயமானது?' என்று கேட்டால், ஒருவர் '2021' என்று எழுதியதும் மற்றவர்களுக்கு வேலை இல்லை. 'தட்டைத் திருப்பி வைக்காதவருக்கு அபராதம் விதிப்பது சரியா?' என்று கேட்டால் நிலைமை மாறும். அப்போதும், "நானும் அப்படியே நினைக்கிறேன்" என்ற பதில்கள் வரிசையாக வரலாம். (முந்தையவர் எழுதியதை அப்படியே வெட்டி ஒட்டுபவர்களும் உண்டு!) யாராவது ஒருவர், "கைத்தடி ஊன்றி நடக்கும் முதியவர் தட்டை எப்படித் தூக்கிச் செல்வார்?" என்று கேட்டால்தான் உரையாடல் சூடுபிடிக்கும். அவருக்கு விலக்கு வேண்டும் என்பார் ஒருவர். பக்கத்து மேசையில் இருப்பவர் உதவலாமே என்பார் இன்னொருவர்.

இந்தப் பதிவுகள் ஆசிரியருக்கும் பாடம்தான். எந்தக் கேள்விக்குப் பலர் எழுதினார்கள், உரையாடல் எங்கே நின்றுபோனது, எந்தச் சொல் புரியாமல் மாணவர்கள் தடுமாறினார்கள் என்பவற்றை அவர் சக ஆசிரியர்களோடு சேர்ந்து படித்துப் பார்த்து, அடுத்த கேள்வியை மாற்றி அமைக்கலாம்.

இருப்பினும், திரையில் நன்றாக எழுதுபவர் வகுப்பிலும் பேசிவிடுவார் என்று சொல்ல முடியாது. அதனால் ஆசிரியர் மறுநாள், "முதியவரைப் பற்றி நேற்று நீ எழுதியதைக் கொஞ்சம் விளக்கு" என்று கேட்கலாம். கேட்டுவிட்டு, அவரும் மூன்று வினாடியாவது பொறுத்திருக்க வேண்டும்.