உற்பத்திக் கல்வியும் புள்ளியியலும்

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்தோர் அனைவரும் பல்கலைக்கழகம் புகுவதில்லை. பலர் தம் ஊரை அடுத்துள்ள இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்கின்றனர். இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-இல் ஆறு மாணவருடன் தொடங்கிய கல்லூரியே இன்றும் நடைபெறும் இவ்வகைப் பொதுக் கல்லூரிகளுள் மிகப் பழையது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947-இல் இவற்றை நாடெங்கும் பெருக்குமாறு பரிந்துரைத்தது. ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயர் பரவியதும் அதன் பின்னரே. இவற்றுள் தொழிற்பிரிவுகள் மிக்கவற்றை நம் பாலிடெக்னிக்குகளோடு ஒப்பிடலாம். ஆயினும் பகலில் ஆலையில் உழைப்போர் மாலையில் வந்து படிப்பதை அங்கு மிகுதியாகக் காணலாம்.

அங்குக் கற்பிக்கப்படும் பிரிவுகளுள் ஒன்று உற்பத்தித் தொழில்நுட்பம். வரைபடம் படித்தல், கடைசல் எந்திரம் இயக்குதல், பற்றவைத்தல், பாதுகாப்பு விதிகள் ஆகியன நாம் எதிர்பார்ப்பவையே. கலைக் கல்லூரி மாணவராகிய நமக்கு வியப்பளிப்பது அதில் புள்ளியியல் பெறும் இடமாகும்.

25 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தண்டுகளைக் கடைவதாகக் கொள்வோம். நுணுகி அளந்தால் எந்த இரு தண்டும் ஒத்திரா. எந்திரத்தின் இயல்பான திட்டவிலக்கம் 0.01 மி.மீ. என்க. மணிக்கொருமுறை நான்கு தண்டுகளை அளந்து சராசரி காண்கின்றனர். 0.01-ஐ நான்கின் வர்க்கமூலமாகிய 2-ஆல் வகுத்தால் அச்சராசரியின் திட்டப்பிழை 0.005 ஆகும், அதன் மும்மடங்கு 0.015. ஆகவே தாளில் 25.015, 24.985 என்னும் இரண்டு அளவுகளில் கோடுகள் இட்டு, ஒவ்வொரு சராசரியையும் புள்ளியாகக் குறிப்பர். புள்ளி கோடுகளுக்கு இடையே விழுந்தால் தற்செயல் வேறுபாடு எனக் கொண்டு எந்திரத்தைத் தொடமாட்டார்கள். வெளியே விழுந்தால் காரணம் தேடுவர்; வெட்டுளி தேய்ந்திருக்கலாம், இரும்பின் தன்மை மாறியிருக்கலாம். பெல் தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஷூவார்ட் 1924-இல் வகுத்த முறை இது.

தொடாமலிருப்பதுதான் கடினம். தண்டு சற்றே தடித்து வந்தவுடன் எந்திரத்தை அவ்வளவு குறைக்கவும், மெலிந்து வந்தால் கூட்டவும் புதியவரின் கை துடிக்கும். பார்ப்போர் அதனை அக்கறை என்பர். ஆனால் சென்ற தண்டின் தற்செயல் பிழை, திருத்தம் என்ற பெயரில் அடுத்த தண்டின் பிழையோடு சேர்ந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. எனவே விலக்க வர்க்கச் சராசரி இருமடங்காகிறது! கழிவுத் தண்டுகளும் பெருகும். மேற்பார்வையாளர் இதனை அறியாவிடில், எந்திரத்தின் இயல்பான ஏற்றத்தாழ்வுக்குத் தொழிலாளியைக் கடிந்துகொள்வார், கூலியிலும் கைவைப்பார். மாலை வகுப்புக்கு வரும் தொழிலாளிக்கு இப்பாடம் வெறுங்கணக்கன்று.

எட்வர்ட்ஸ் டெமிங் இதனைப் புனலும் கோலியும் கொண்டு விளக்கினார். நம் புள்ளியியல் வகுப்பிலும் ஒரு பிற்பகலில் செய்து பார்க்கலாம். மேசைமேல் வெள்ளைத் தாளை ஒட்டி, நடுவே ஒரு குறியிட்டு, அதற்கு நேர்மேலே புனலைப் பொருத்துக. புனலை அசைக்காமல் ஐம்பது முறை கோலியை விடுக. அடுத்த ஐம்பதில், கோலி குறிதவறிய அளவுக்கு ஒவ்வொரு முறையும் புனலை எதிர்ப்புறம் நகர்த்துக. இரண்டாவது தாளில் புள்ளிகள் கூடுதலாகச் சிதறியிருக்கும். தாளின் மேல் கார்பன் தாளை விரித்துக்கொண்டால் கோலி விழுந்த இடம் தானே பதியும்.