லொம்போக் முதல் கொமோடோ வரை: கடல் எழுப்பிய சுவரைத் தாண்டி ஒரு பயணம்

மாணவர்களே, இந்தோனேசியாவின் பாலித் தீவின் கிழக்குக் கரையில், வானம் தெளிந்த காலை நேரத்தில் நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். கடலுக்கு அப்பால் லொம்போக் தீவின் ரிஞ்சானி எரிமலை தெரிகிறது. நடுவில் இருக்கும் லொம்போக் நீரிணை, குறுகலான இடத்தில் 20 கிலோமீட்டர் அளவே அகலம் உடையது. பயணிகள் கப்பல் சில மணி நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடும்.

பாலியில் ஒரு காலத்தில் புலிகள் வாழ்ந்தன. 20ஆம் நூற்றாண்டில்தான் அவை அற்றுப்போயின. ஆனால், கண்ணெதிரே தெரியும் லொம்போக்கில் புலி வாழ்ந்ததே இல்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் ஒரு பயணம் போவோம். லொம்போக்கில் படகேறி, சும்பாவா தீவின் வடகரை ஓரமாகச் சென்று, கொமோடோ தீவுகளைப் பார்த்து, ஃபுளோரெஸ் தீவின் லாபுவான் பாஜோ துறைமுகத்தில் இறங்கும் நான்கு நாள், மூன்று இரவுப் படகுப் பயணம் அது. உலகின் பல நாடுகளிலிருந்தும் விலங்குகளைப் பார்க்க விரும்புவோர் இந்த வழியில் செல்கிறார்கள். மரப்படகிலேயே சாப்பாடு, மேல்தட்டிலேயே தூக்கம்.

படகேறும் முன்: ஒரு வரைபடம்

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகின் நீரில் ஒரு பகுதி பனிப்பாறைகளாக உறைந்து நிலத்தின்மேல் நின்றது. அதனால் கடல்மட்டம் இன்று இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது.

மலாக்கா நீரிணையின் தென்பகுதியில் பல இடங்களில் ஆழம் 30 மீட்டர் அளவுதான். ஆகவே அந்தக் காலத்தில் அது வறண்ட நிலம். தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர், சுமத்ரா, போர்னியோ, ஜாவா, பாலி எல்லாம் ஒரே நிலப்பரப்பாக ஆசியாவுடன் ஒட்டியிருந்தன. அறிவியலாளர்கள் அதைச் சுண்டாலாந்து என்று அழைக்கிறார்கள். புலி பாலி வரை நடந்தே போகலாம்.

லொம்போக் நீரிணையோ, ஆழம் குறைந்த தென்பகுதியில்கூட 200 மீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. வடக்கே அது 1,000 மீட்டரையும் தாண்டுகிறது. கடல் 120 மீட்டர் இறங்கியும் இங்கே தரை தெரியவில்லை. பாலியின் கரைக்கு வந்த புலி அங்கேயே நின்றுவிட்டது.

நிலத்தில் வாழும் விலங்குக்கு, அகலம் மட்டுமல்ல, ஆழமும் ஒரு சுவர்தான். கடல் இறங்கும் காலத்திலும் இறங்காத சுவர் அது.

முதல் நாள்: வாலஸ் கண்ட வேறுபாடு

இந்தச் சுவரை முதன்முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். ஆங்கிலேயரான அவர் 1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கினார். பின்னர் சரவாக்கில் தங்கி ஆய்வு செய்தார். சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்து, பறவைகளைச் சேகரிப்பதில் வல்லவரானார்.

1856இல் வாலஸ் மக்காசார் செல்ல விரும்பினார். சிங்கப்பூரிலிருந்து நேராகச் செல்லும் கப்பல் கிடைக்கவில்லை. வேறு வழியின்றிப் பாலி, லொம்போக் வழியாகச் சுற்றிப் போனார். அந்தச் சுற்றுவழிதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றுக்குக் காரணமானது. பாலியில் மரங்கொத்தியும் குக்குறுவானும் இருந்தன. அவை நம் நாட்டுக் காடுகளிலும் உள்ள பறவை வகைகள். லொம்போக்கில் இறங்கியதும் காட்சி மாறியது. வெள்ளைக் கொண்டைக்கிளிகள், தேனுண்ணிப் பறவைகள், இலைதழைகளையும் மண்ணையும் குவித்து மேடு கட்டி அதில் முட்டையிடும் மெகாபோட் பறவைகள் என, ஆஸ்திரேலியப் பக்கத்து உயிரினங்களின் உறவினர்கள் அங்கே இருந்தன.

பறவைக்குத்தான் சிறகு இருக்கிறதே, பறந்து போகக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அடர்ந்த காட்டில் மரத்துக்கு மரம் தாவிப் பழகிய பறவைகளில் பல, திறந்த கடலின்மேல் பறப்பதில்லை. அவற்றுக்கும் கடல் சுவர்தான். எப்போதாவது ஒரு சில கடந்துவிடும். அப்படித் தப்பித் தவறி வந்தவற்றின் சந்ததிதான் இந்தத் தீவுகளில் நாம் காண்பவை.

ஆசிய உயிரினங்களையும் ஆஸ்திரேலியப் பக்கத்து உயிரினங்களையும் பிரிக்கும் இந்த எல்லைக்கு, தாமஸ் ஹக்ஸ்லி 1868இல் ‘வாலஸ் கோடு’ என்று பெயரிட்டார்.

அன்றிரவு: படகு ஏன் ஆடுகிறது?

இரவில் படகு ஆடும். வயிறு புரளும். வாந்தி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. காற்றும் அலையும் மட்டும் இதற்குக் காரணமல்ல.

பருவக்காற்றும் வணிகக்காற்றும் நீரைத் தள்ளுவதால், பசிபிக் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் நீர்மட்டம் இந்தியப் பெருங்கடலைவிடச் சற்று உயர்ந்து நிற்கிறது. உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கு நீர் ஓடும் அல்லவா? அது இந்தோனேசியத் தீவுகளின் இடுக்குகள் வழியே பாய்கிறது. விநாடிக்கு ஏறக்குறைய 1.5 கோடி கனமீட்டர் நீர்! அமேசான் ஆறு கடலில் கொட்டும் நீரைப்போல் அது ஏறத்தாழ 70 மடங்கு. அதில் ஒரு பங்கு லொம்போக் நீரிணை வழியாகவும் போகிறது. இப்படிப் பாயும் நீரில் நீந்திக் கரையேறுவது எந்த விலங்குக்கும் எளிதல்ல.

இரண்டாம் நாள்: சத்தோண்டா

சும்பாவாவின் வடகரைக்கு அருகே சத்தோண்டா என்ற குட்டித் தீவு இருக்கிறது. கடலிலிருந்து எழுந்த எரிமலை அது. அதன் வாய்க்குழியில் ஓர் ஏரி. சுற்றிலும் மரங்கள் இருந்தாலும், நீரைச் சுவைத்தால் உப்புக் கரிக்கும். அந்த ஏரியில் நுண்ணுயிர்கள் சேர்ந்து சுண்ணாம்புப் பாறைகளைப் படிப்படியாகக் கட்டுகின்றன. பூமியின் மிகப் பழைய உயிர்கள் விட்டுச் சென்ற பாறைகளும் இத்தகையவைதான்.

எதிரே நிற்கும் மலை தம்போரா. 1815இல் அது வெடித்தது. எழுதப்பட்ட வரலாற்றில் மிகப் பெரிய எரிமலை வெடிப்பு அது. வானில் பரவிய கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்ததால், 1816இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே வராததுபோல் குளிர் நிலவியது.

தீவில் வாழ்வது பாதுகாப்பு மட்டுமல்ல, ஆபத்தும்கூட என்பதற்குத் தம்போரா ஒரு சாட்சி. பேரிடர் வந்தால் தீவு உயிரினம் ஓடிப்போக இடமில்லை.

மூன்றாம் நாள்: கொமோடோ

விடியும்போது காய்ந்த புல் போர்த்திய மலைகள் தெரியும். இது கொமோடோ தேசியப் பூங்கா. 1980இல் அமைக்கப்பட்டு, 1991இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தளமானது.

வனக் காவலர் இல்லாமல் யாரும் தீவில் நடக்க முடியாது. அவர் கையில் கவைக்கம்பு இருக்கும். நிழலில் கிடக்கும் மரக்கட்டை என்று நீங்கள் நினைப்பது மெல்லத் தலையைத் தூக்கி, பிளவுபட்ட நாக்கை நீட்டினால், அதுதான் கொமோடோ உடும்பு. மூன்று மீட்டர் வரை வளரும். உலகின் மிகப் பெரிய பல்லியினம். நம் வீட்டருகே கால்வாய் ஓரம் நடக்கும் பியாவாக்கும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

அது நாக்கை நீட்டுவது மணம் பிடிப்பதற்காக. அதன் வாயிலுள்ள கிருமிகள்தான் இரையைக் கொல்கின்றன என்று முன்பு எழுதிவந்தார்கள். ஆனால், அதன் கீழ்த்தாடையில் நச்சுச் சுரப்பிகள் இருப்பதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த நஞ்சு இரத்தம் உறைவதைத் தடுக்கும்.

தீவில் வாழ்வதால்தான் இது இவ்வளவு பெரிதானது என்ற விளக்கத்தையும் சில புத்தகங்களில் படித்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் கிடைத்த, 30 லட்சம் ஆண்டுகளுக்கும் பழைமையான புதைபடிவங்கள் வேறு கதை சொல்கின்றன. இந்த உடும்பு அங்கேயே பெரிதாக இருந்திருக்கிறது. பிறகு மேற்கு நோக்கி இத்தீவுகளுக்கு வந்திருக்கிறது. ஆகவே கொமோடோ உடும்பும் ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து வந்த விருந்தாளிதான்.

வாலஸ் கண்ட மெகாபோட் பறவை நினைவிருக்கிறதா? அது கட்டிய மேடுகள் இங்கும் உண்டு. பெண் உடும்பு பல நேரங்களில் அந்த மேட்டைத் தோண்டித் தன் முட்டைகளை அதில் இடுகிறது. ஒரு பறவையின் உழைப்பு ஒரு பல்லிக்குக் கூடாகிறது. ஒன்று குறைந்தால் மற்றதும் பாதிக்கப்படும்.

பிற்பகலில் முகமூடி அணிந்து கடலில் இறங்கினால், சிறகுபோல் துடுப்பை அசைத்து மந்தா திருக்கைகள் நீந்துவதைக் காணலாம். காலையில் பயமுறுத்திய நீரோட்டம்தான் இவற்றுக்குச் சோறு போடுகிறது. அது ஆழத்திலிருந்து ஊட்டச்சத்தை மேலே கொண்டுவர, மிதவை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. திருக்கைகள் அவற்றை வடிகட்டி உண்கின்றன.

மாலையில் படகு காலோங் தீவருகே நங்கூரமிடும். சூரியன் மறைந்ததும் பாக்காவ் மரங்கள் நிறைந்த சதுப்புநிலக் காட்டிலிருந்து ஆயிரக்கணக்கான பழந்தின்னி வெளவால்கள் கிளம்பி, வேறு தீவுகளை நோக்கிப் பறக்கும். சுவரைத் தினமும் தாண்டக்கூடிய பாலூட்டி அதுதான். பழ மரங்களின் விதைகளும் அதனோடு பரவுகின்றன.

நான்காம் நாள்: பாடார் தரும் எச்சரிக்கை

கடைசி நாள் காலையில் பாடார் தீவின் குன்றில் ஏறுவோம். மூன்று வளைகுடாக்கள் ஒரே பார்வையில் தெரியும். எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் ஒரு கேள்வியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்: இங்கே இருந்த உடும்புகள் எப்படி இல்லாமல் போயின?

பாடாரிலும் கொமோடோ உடும்புகள் வாழ்ந்தன. மான்கள் வேட்டையாடப்பட்டு இரை குறைந்தது. 1970களில் அங்கு உடும்புகள் இல்லாமல் போயின. கொமோடோவும் ரிஞ்சாவும் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கிருந்து உடும்புகள் நீந்தி வந்து உடனே இடத்தை நிரப்பியிருக்கலாமே?

உடும்புக்கு நீந்தத் தெரியும். ஆனாலும் அது இடம் மாறுவது அரிது. ஆய்வாளர்கள் சில உடும்புகளைப் பிடித்து, அதே தீவில் 20 கிலோமீட்டருக்கும் அப்பால் விட்டார்கள். அவை சில மாதங்களில் பழைய இடத்துக்கே திரும்பின. வேறு சிலவற்றை இரண்டு கிலோமீட்டர் கடலுக்கு அப்பாலிருந்த தீவில் விட்டார்கள். அவை திரும்பவே இல்லை. பனியுகத்தில் கொமோடோ, ரிஞ்சா, ஃபுளோரெஸ் ஆகியவை ஒரே நிலமாக இருந்தவை. கடல் ஏறியபோது உடும்புகள் தீவுதீவாகப் பிரிந்துவிட்டன. இரை குறைவான சின்னத் தீவுகளில் அவற்றின் உடலும் சிறுத்திருக்கிறது.

கடல் இப்போது மீண்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. இம்முறை காரணம் நாம் எரிக்கும் எரிபொருள். அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2021இல் கொமோடோ உடும்பை ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்ற பிரிவுக்கு மாற்றியது. அடுத்த 45 ஆண்டுகளில் அதற்கு ஏற்ற வாழிடத்தில் குறைந்தது 30 விழுக்காடு குறையும் என்று அது கணித்துள்ளது. 45 ஆண்டு என்பது உங்கள் வாழ்நாளுக்குள்தான் வருகிறது.

நாம் எதைச் சுமந்து செல்கிறோம்?

புலியால் கடக்க முடியாத நீரிணையை நீங்கள் ஒரு சில மணி நேரத்தில் கடந்துவிட்டீர்கள். மனிதன் இந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் எதையாவது சுமந்து செல்கிறான். உடும்பின் முக்கிய இரையான மான்களையே மனிதர்கள்தான் இத்தீவுகளுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

எடுத்துச் செல்வதும் உண்டு. லொம்போக்கில் வாலஸ் கண்ட கொண்டைக்கிளி, மஞ்சள் கொண்டையுடைய வெள்ளைக் கிளி, கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடிக்கப்பட்டு இன்று மிகக் கடுமையான அழிவு ஆபத்தில் இருக்கிறது. சிங்கப்பூரின் மரங்களில் வெள்ளைக் கொண்டைக்கிளிகள் கூச்சலிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை தாமாகப் பறந்து வந்தவை அல்ல. கூண்டிலிருந்து தப்பியவற்றின் வழித்தோன்றல்கள்.

ஆகவே, என்றாவது இந்தப் பயணம் போக வாய்ப்புக் கிடைத்தால், காலணியில் ஒட்டிய மண்ணையும் விதையையும் தீவுக்குத் தீவு தட்டிக் கழுவுங்கள். இளஞ்சிவப்புக் கடற்கரையின் மணலை ஒரு பிடிகூட எடுக்காதீர்கள். அந்த நிறம், செந்நிற ஓடு கொண்ட நுண்ணுயிர்களின் உடைந்த துகள்களால் வந்தது. திருக்கையைத் தொடாதீர்கள். உடும்பைக் கிட்டே வரவழைக்க உணவு போடாதீர்கள். குப்பையைப் படகிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள்.

செய்து பாருங்கள்

1. தென்கிழக்காசியக் கடல் ஆழ வரைபடம் ஒன்றில், 120 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள பகுதிகளை எல்லாம் பச்சை வண்ணம் தீட்டுங்கள். எந்தத் தீவுகள் ஒன்று சேர்கின்றன? எவை தனித்து நிற்கின்றன?

2. பாடாருக்கு உடும்புகளை மனிதர்களே கொண்டுபோய் விடலாமா? விடுவதற்கு முன் அத்தீவில் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? வகுப்பில் விவாதியுங்கள்.

3. உங்கள் வீட்டருகே ஒரு வார காலம் காணும் பறவைகளைப் பட்டியலிடுங்கள். அவற்றில் எவை இந்த மண்ணுக்குரியவை, எவை மனிதர்கள் கொண்டுவந்தவை என்று கண்டறியுங்கள்.

மூன்றாவது வேலைக்குப் படகு தேவையில்லை. வாலஸும் ஒவ்வொரு தீவிலும் முதலில் செய்தது அதைத்தான். எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்று ஒழுங்காகக் குறித்துவைத்தார். ஏன் அங்கே மட்டும் வாழ்கிறது என்ற கேள்வி அதன் பிறகுதான் பிறந்தது.