மங்கிய படமும் மாறாத உண்மையும்



செங்கற் சூளைகளால் பெயர் பெற்றது நம் பிரிக்பீல்ட்ஸ். ஆங்கிலேயர் ஆட்சியில் இரயில்வே ஊழியர்களுக்காக இங்குக் கட்டப்பெற்ற ‘நூறு குவார்ட்டர்ஸ்’ குடியிருப்பு இன்று இல்லை. நம் முன்னோர் பால் வெட்டிய இரப்பர்த் தோட்டங்கள் பலவும் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அவ்விடங்களுக்குச் சாட்சி சொல்ல எஞ்சியிருப்பவை, வீட்டுத் தகரப் பெட்டிகளில் உறங்கும் பழைய நிழற்படங்களே. அவையும் ஈரத்தாலும் பூஞ்சையாலும் மங்கி வருகின்றன. அவற்றைக் கணினியில் செப்பனிடும் முறையை எங்கள் பள்ளிக் கணினி வகுப்பில் மாணவர்களுக்குக் கற்பித்தோம். அப்பாடத்தின் சுருக்கத்தையும், அப்போது நாங்கள் செய்த ஒரு பிழையையும் இங்கே எழுதுகின்றோம்.

படம் ஒரு புள்ளிக் கூட்டம்

வாசலில் இடும் புள்ளிக் கோலத்தை எண்ணிப் பாருங்கள். கணினிக்குள் இருக்கும் படமும் அவ்வாறே வரிசை வரிசையாக அமைந்த சின்னஞ்சிறு சதுரப் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் 0 என்பது முழுக் கருமை. 255 என்பது முழு வெண்மை. வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எண்கள் இருக்கும். படத்தைத் திருத்துவது என்பது இவ்வெண்களை மாற்றுவதே ஆகும்.

1957ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தம் கைக்குழந்தையின் நிழற்படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். அதன் ஒரு பக்கத்துக்கு 176 புள்ளிகள்; மொத்தம் 30,976 புள்ளிகள் மட்டுமே. இன்றோ, 3 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் உள்ள படத்தை, அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேனரில் படியெடுத்தால் 21,60,000 புள்ளிகள் கிடைக்கின்றன.

மென்பொருளும் கருவிகளும்

தாமஸ் நோல், ஜான் நோல் எனும் சகோதரர் இருவர் உருவாக்கிய ‘ஃபோட்டோஷாப்’ மென்பொருளை அடோபி நிறுவனம் 1990இல் வெளியிட்டது. அதற்குக் கட்டணம் உண்டு. நாங்கள் பயன்படுத்தியது ‘கிம்ப்’ எனும் இலவச மென்பொருள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கிய இம்முயற்சி 1996இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. தொடக்க நிலையினர்க்கு அதன் நான்கு கருவிகள் போதும்.

1. கிராப்: படத்தின் கிழிந்த விளிம்புகளை வெட்டி நீக்குவது. ஆயினும் ஓரத்தில் உள்ள கைக்குழந்தையையோ, ஊரின் பெயர்ப்பலகையையோ வெட்டிவிடலாகாது.

2. லெவல்ஸ்: மங்கிய படத்துக்குத் தெளிவு தருவது. நாளடைவில் கருமை வெளுத்து 60 ஆகவும், வெண்மை பழுப்பேறி 200 ஆகவும் நின்றுவிடும். இக்கருவி அந்த 60ஐ 0 ஆகவும், 200ஐ 255 ஆகவும் மாற்றி, இடைப்பட்டவற்றையும் அதற்கேற்ப விரித்துவிடும்.

3. குளோன்: கறை நீக்குவது. கிழிந்த சேலைக்கு அதே சேலையின் துணியால் ஒட்டுப் போடுவது போல, கறைக்கு அருகிலுள்ள நல்ல பகுதியை எடுத்துக் கறையின் மேல் பதிக்கும்.

4. லேயர்: படத்தின் மேல் கண்ணாடித் தாள் ஒன்றை விரிப்பது போன்றது. திருத்தங்களை அத்தாளிலேயே செய்தால் அடியிலுள்ள மூலப்படம் பழுதுறாது.

நாங்கள் செய்த பிழை

மாணவன் ஒருவன் தன் பூட்டன், பூட்டியின் திருமணப் படத்தைக் கொண்டுவந்தான். லயத்து வீட்டின் முன் எடுத்த படம். பூட்டியார் நாற்காலியில் அமர்ந்திருந்தார். படம் முழுதும் பூஞ்சைப் புள்ளிகள். மாணவர்கள் இரண்டு வாரம் பொறுமையாக ஒவ்வொரு புள்ளியாக நீக்கினர். படம் பளிச்சென்று ஆயிற்று. நாங்களும் மனமாரப் பாராட்டினோம்.

பெற்றோர் தினத்தன்று அம்மாணவனின் பாட்டியார் வந்தார். கணினித் திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “எங்க அம்மா கையில பச்சை குத்தியிருப்பாங்களே, அதை ஏன் ஐயா அழிச்சிட்டீங்க?” என்று கேட்டார்.

எங்களுக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. அக்கையில் இருந்த கரும்புள்ளிகளையும் பூஞ்சை என்றே எண்ணிவிட்டோம். நல்ல வேளையாக மாணவர்கள் லேயரில் திருத்தியிருந்தனர். கையின் மேலிருந்த ஒட்டுகளை மட்டும் அழித்தோம். பச்சை குத்திய கோலம் மீண்டும் தெரிந்தது. பாட்டியார் திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு படத்தில் நின்ற ஒவ்வொருவரின் பெயரையும் சொன்னார். மாணவர்கள் எழுதிக்கொண்டனர்.

அன்று மாணவர்களைவிட நாங்களே அதிகம் கற்றோம். காலம் செய்த பழுதை நீக்கலாம். மனிதர் தாங்கிய அடையாளத்தை நீக்கலாகாது. கறையா, தழும்பா என்று ஐயம் எழுந்தால் மென்பொருளைக் கேட்பதில் பயனில்லை. வீட்டுப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். இந்நாளில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கிய முகத்தை நொடியில் தெளிவாக்கித் தருகின்றன. ஆனால் படத்தில் இல்லாததை அவை ஊகித்தே வரைகின்றன. அம்முகம் அழகாக இருக்கலாம். நம் பாட்டியின் முகமாக இல்லாமலும் போகலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

கணினி இல்லையே என்று கவலற்க. கைப்பேசியே போதும். படத்தைச் சன்னல் ஓரத்து வெளிச்சத்தில் மேசைமேல் வைத்து, பிளாஷ் இன்றி, கைப்பேசியைச் சாயாமல் நேராகப் பிடித்து எடுங்கள். எடுத்த மூலப்படத்தைத் தொடாமல் வைத்து, அதன் நகலையே திருத்துங்கள். ‘ஜேபெக்’ வடிவில் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் படத்தின் நுட்பம் சிறிது சிறிதாகக் குறையும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நகல்களை இரண்டு இடங்களில் வைப்பது நலம்.

பயிற்சி

1. லெவல்ஸ் கருவி செய்யும் பணி யாது?
2. மூலப்படத்தைத் திருத்தாமல் லேயரில் திருத்துவது ஏன்?
3. உங்கள் வீட்டின் மிகப் பழைய படம் ஒன்றைத் தேடி எடுங்கள். அதில் உள்ளோர் யாவர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு எனப் பாட்டன் பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள்.

மூன்றாம் வினாவை முதலில் செய்யுங்கள். படத்தை நாளையும் திருத்தலாம். சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.