பதினைந்து நிமிடப் பரிசோதனையை நம்பலாமா?

கேள்வி: மகளுக்குக் கடும் காய்ச்சல், இருமல். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, 15 நிமிடத்தில் 'இன்புளுவன்சா இல்லை' என்றார்கள். நம்பலாமா?
– வாசகி, இரத்தோட்டை

பதில்: 'இருக்கிறது' என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை' என்று வந்தால் அவ்வளவு நம்ப வேண்டாம். 159 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஆய்வு, இவ்வகைப் பரிசோதனைகள் உண்மையான நோயாளர்களில் ஏறக்குறைய 62 சதவீதத்தினரை மட்டுமே கண்டுபிடித்தன என்கிறது. நோயில்லாதவருக்கு 'இருக்கிறது' என்று தவறாகக் காட்டியது 2 சதவீதம் அளவில்தான். பிள்ளைகளின் மூக்கில் வைரஸ் அதிகம் என்பதால், பெரியவர்களைவிட அவர்களுக்குச் சற்று நன்றாகவே பிடிபடும். காய்ச்சல் தொடங்கி மூன்று நான்கு நாள் கழிந்தால் தவறவிடும் வாய்ப்பு கூடும். பி.சி.ஆர். பரிசோதனை இதைவிட மிக நம்பகமானது. ஆனால் ஆய்வுகூடம் வேண்டும், நேரமும் பிடிக்கும்.

மகளுக்கு ஆஸ்துமா போன்ற நோய் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, முடிவு எதுவானாலும் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். இன்புளுவன்சாவுக்கான ஒசல்டமிவிர் மருந்து, நோய் தொடங்கிய முதல் 48 மணி நேரத்தில்தான் நன்கு பயன்படும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை டெங்கு. உங்கள் மாத்தளை மாவட்டத்தில் அதுவும் இருக்கிறது. வைத்தியர் சொல்லும்வரை பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள்; இபுபுரோபன், அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.